ஒரு காது மிஷினுக்கு, ஒரு காது வேலைக்கு

"பையில சாவி வெச்சிருக்கீங்களா? எடுத்து வெளிய வையுங்க." ஃபஸீலா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எருத்தேன்பதி வாசகசாலையில் நடக்கவிருந்த ரத்ததான முகாமுக்கு ஓர் அறிவிப்பு பதிவு செய்ய வேண்டியிருந்தது. குரல் கொடுக்க நான் புதுநகரம் போயிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன், அதுவும் தமிழில் பட்டம் வாங்கியவன் என்கிற தைரியத்தில் எழுதிக் கொண்டுபோனதை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இரண்டாவது வரியில் சாவி குலுங்கியதாம். "ழகரம் எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா பரிசு வாங்க மேடை ஏறினவரு மாதிரி படிக்கறீங்க. பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள். மறுபடி படித்தேன். அதற்குப் பிறகு பல தடவை போய்வந்ததில் அவளும், அவள் அண்ணனும், மற்றவர்களும் சொல்லக் கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபஸீலாவின் அத்தா ஜப்பார் ராவுத்தர் புதுநகரம் கடைவீதியில் அலுமினியப் பாத்திரமும் கயிறும் தார்ப்பாயும் விற்கிறார். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை இரண்டு உண்டு. அதில் சின்னது ஃபஸீலாவுடையது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளியும் விற்காமல் தங்கிப்போன பாயும் அடித்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. "எனக்கெதுக்கு ஜன்னல்?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வந்தவர்கள் கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் ஊர்கள் எல்லைக்கு மலையாளப் பக்கம். கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளியில் மலையாளத்தில் படித்து, தமிழை வீட்டில் பேசி, பி.ஏ. முடித்து வந்தபோது வயது இருபத்திரண்டு. கையில் ஒரு லேப்டாப். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற மென்பொருள் அதில் உண்டு. அதை அவள் 'மிஷின்' என்பாள். அது பேசுகிற வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவள் அண்ணன் நௌஃபல் முதல் நாள் கேட்டுவிட்டு, "இது என்ன புள்ளே, கோழியைக் கூடையில அமுக்கின மாதிரி கத்துது?" என்றான். "உனக்குப் புரியற வேகத்துல வெச்சா சாயங்காலம் ஆயிரும்" என்றாள் அவள்.

ஒலிப்பதிவு வேலையை அவள் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. வாட்ஸ்அப்பில் பார்வையில்லாதவர்கள் மட்டும் இருக்கிற குழு ஒன்று. அதில் மதுரைக்காரர் ஒருவரும் கோழிக்கோட்டுக்காரர் ஒருவரும் குரல் செய்தி அனுப்புவார்கள். இந்தப் பட்டனை இரண்டு தடவை அழுத்து, அந்த அம்புக்குறியில் மூன்று தடவை இறங்கு, மிஷின் இப்படிச் சொன்னால் நிறுத்து என்று. மவுஸைத் தொடவே வேண்டாம். கண் உள்ளவர்கள் திரையில் ஒலி அலையைப் படமாகப் பார்த்து வெட்டுவார்கள். அவள் ஒரு நொடியைப் பத்தாகப் பிரித்து, அம்புக்குறியால் அடிமேல் அடி வைத்துப் போய், இருமல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதால் தொட்டு வெட்டுவாள். சத்தம் அளவு மீறினால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். அது அவளுக்கு உதவாது. அதனால் அந்த இடத்தில் 'டிங்' என்று மணி அடிக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

சாமான்களும் அப்படித்தான். மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு சேர்க்கிற சவுண்ட் கார்டு கையடக்கமான ஒரு பெட்டி. திருகு குமிழ் உள்ளதாகத் தேடி வாங்கினாள். இப்போது வருகிற புதுப் பெட்டிகளில் குமிழே இல்லை, கண்ணாடியைத் தடவ வேண்டும். "தடவினா அது எங்க நிக்குதுன்னு என் விரலுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். குமிழில் நடு எங்கே என்று தெரிய ஒரு பொட்டு எம்-சீல் ஒட்டியிருந்தாள். மைக் வயரில் ஒரு முடிச்சு நூல், ஹெட்போன் வயரில் இரண்டு முடிச்சு.

வேலை தொடங்கி இரண்டு வருடம் ஆனபோது, ஒரு மழைக்காலத்தில் கொழிஞ்சாம்பாறை சுவக்கீன் தார்ப்பாய் வாங்க வந்தார். அங்கே லைட், மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். பின்னறையிலிருந்து யாரோ பிரசங்கம் செய்கிற சத்தம் கேட்டது. நடுவில் பஸ் ஹாரன். கொஞ்ச நேரத்தில் அதே வாக்கியம் ஹாரன் இல்லாமல் கேட்டது.

"பாய், உள்ளார யாரு?"

"நம்ம புள்ளதான்."

சுவக்கீன் தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்த வாரமே மாதா கோவில் தேர்த்திருவிழா அறிவிப்பு அவள் கைக்கு வந்தது. பிறகு மாரியம்மன் பொங்கல், பள்ளிவாசல் நேர்ச்சை, கறவைமாட்டுத் தடுப்பூசி, மரண அறிவிப்பு. கிழக்குப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் ஜீப்பிலும் ஆட்டோவிலும் தமிழில் எது கூவினாலும் அது அந்தப் பின்னறையில் வெட்டி ஒட்டியதாகவே இருந்தது.

வேலை பெருகியபோது ஒரு சிக்கல் வந்தது. மிஷின் பேசுவதும் பதிவில் இருப்பவர் பேசுவதும் ஒரே ஹெட்போனில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அதனால் பங்கு பிரித்தாள். இடது காதில் மிஷின் மட்டும். வலது காதில் வேலை மட்டும். கேட்பதில்தான் இந்தப் பிரிவு, பதிவை அது தொடாது. வேலை பாதி நேரத்தில் முடிந்தது. நௌஃபலின் மனைவி ஜெஸ்னா இதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் அப்படித்தான். ஒரு காதுல மாமி, ஒரு காதுல உங்க அண்ணன். என்ன, எனக்கு ரெண்டையும் ஆஃப் பண்ணப் பட்டன் குடுக்கல" என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. சுவக்கீன் வாய் மோசமானவர். ஒயர் மாற்றிக் கொடுத்ததற்காக வேலைக்காரனை நடு ரோட்டில் நிறுத்திக் கேள்வி கேட்பவர். அவளிடம் மட்டும் கோபமே வராது. ஒருமுறை மரண அறிவிப்பில் அடக்கம் செய்கிற நேரத்தைத் தவறாக ஒட்டிவிட்டாள். "பரவால்ல அம்மிணி, போவட்டும்" என்றார். மற்றொரு தடவை ஒரு நாள் தாமதம். "பரவால்ல அம்மிணி." இந்தப் பக்கத்தில் சின்னவர்களை எல்லோரும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எதிரில் அந்தச் சொல் பாதியில் நின்று 'அம்மிணி'யாக மாறும். அந்தத் தடுமாற்றத்தை அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

திட்டாத முதலாளியிடம் அவளுக்குப் பயம். திட்டு வாங்குகிறவன் மறுநாளும் வேலைக்கு வருவான். பாவம் என்று விடப்பட்டவளை, "எதுக்கு அந்தப் புள்ளையச் சிரமப்படுத்தறது" என்று ஒருநாள் மெல்ல ஒதுக்கிவிடுவார்கள். கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோ, எல்லா வேலையையும் எங்களிடமே கொடுங்கள் என்று சுவக்கீனைக் கேட்டுக்கொண்டே இருந்தது அவளுக்குத் தெரியும்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எருத்தேன்பதிப் பக்கத்து வார்டு ஒன்றில் முருகேஸ்வரி சுயேச்சையாக நின்றார். ஐம்பது வயது, நான்கு கறவை மாடு, குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் பத்து வருடம் செயலாளர். பிரச்சாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவக்கீனோடு வந்து இறங்கினார். அதுவரை வேறொருவர் குரலில் ஓடிய அறிவிப்பு வேண்டாம், நானே பேசுகிறேன் என்றார்.

"இத்தனை நாளா எவளோ ஒருத்தி பேசறா, மூஞ்சி மட்டும் என்னுது. சனங்க என்ன நெனைப்பாங்க?"

ஃபஸீலாவுக்கு அன்று ஏழு வேலை. காலையில் வேறு வார்டுக்கு இரண்டு பெண்கள் வாய்ச்சண்டை போடுகிற மாதிரி ஓர் அறிவிப்பு செய்திருந்தாள். இரண்டு பேருக்கு இரண்டு மைக். ஒன்றின் குரல் இடப்பக்கம் பதியும், மற்றது வலப்பக்கம். பதிந்த பிறகு இரண்டையும் நடுவுக்குக் கொண்டு வருவாள். அவர்கள் போனதும் ஒரு மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். நேரமில்லை என்று அந்தப் பழைய ஃபைலையே திறந்து, புதுப்பெயர் போட்டு, மிச்சமிருந்த மைக்கில் முருகேஸ்வரியைப் பேசச் சொன்னாள்.

"நான் உங்க முருகேஸ்வரி பேசறனுங்க. வாய்க்கால்ல தண்ணி வருதோ இல்லியோ, வோட்டுக் கேக்கறவங்க வருசையா வந்துட்டாங்க…"

பேச்சு பிரமாதம். பின்னால் ஜமாப் மேளம் சேர்த்தாள். ஆள் பேசும்போது மேளம் தணியவும், நிறுத்தும்போது ஏறவும் செய்தாள். முழுக்க ஒரு தடவை ஓடவிட்டாள். வலது காதில் முருகேஸ்வரி கணீரென்று பேசினார். இடது காதில் மிஷின் தன் பாட்டுக்கு ஏதோ சொல்லியது. அனுப்பிவிட்டாள்.

திங்கள்கிழமை பதினோரு மணிக்குச் சுவக்கீன் போன் செய்தார்.

"அம்மிணி, அந்த முருகேஸ்வரியக்கா ஃபைல்ல பேச்சே இல்லியாமா. மேளம் மட்டும்தான் வருதாமா."

ஃபைலைத் திறந்து போட்டாள். பேச்சு இருந்தது. "என் காதுல கேக்குதேண்ணா. உங்க போன்ல போட்டுப் பாருங்க."

அவர் போட்டார். போனிலும் பேச்சு இருந்தது. "அட, இருக்குது! அப்ப ஜீப்லதான் கோளாறு. இந்தக் குருசாமி இருக்கறானே…"

"ஜீப்ப இங்க கொண்டு வரச் சொல்லுங்கண்ணா. நான் பாக்கணும்" என்றாள் ஃபஸீலா.

அன்று காலை எட்டு மணியிலிருந்து முருகேஸ்வரியின் படம் ஒட்டிய ஜீப் மேளம் மட்டும் கொட்டிக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றியிருக்கிறது. மேளம் ஏறும். பிறகு யாரோ பேசப்போகிற மாதிரி தணியும். சனம் காதைக் கொடுத்து நிற்கும். ஒன்றும் வராது. மறுபடி மேளம் ஏறும். ஒரு கிழவி வெளியே வந்து, "யாரூட்டுக் கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறாள். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் டீக்கடையில் சொன்னது அதற்குள் மூன்று வாய்க்கால் தாண்டிவிட்டது: "ஜெயிச்சாலும் பஞ்சாயத்துல வாயத் தொறக்க மாட்டேன்னு முன்கூட்டியே சொல்லிப்போட்டுப் போறாங்க, நேர்மையான ஆளு!"

ஜீப் புதுநகரம் வந்து கடை வாசலில் நின்றது. ஓட்டுநர் குருசாமி அறுபது வயதுக்காரர். பின்னாலேயே ஸ்கூட்டரில் முருகேஸ்வரியும் பைக்கில் சுவக்கீனும் வந்தார்கள். சுவக்கீன் வண்டியை நிறுத்துமுன்பே கத்தத் தொடங்கினார்.

"ஏய்யா, காலம்பறயிருந்து மூணு மணி நேரம் பேச்சில்லாம ஓட்டிருக்கற, காதுல என்ன பஞ்சா?"

"மேளம் நல்லாத்தானுங்க கேட்டுது. மொதல்ல மேளம், பொறவு பேச்சு வருமாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

"மூணு மணி நேரமா?"

நௌஃபல் கையைப் பிடித்து ஃபஸீலாவை ஜீப்பின் பின்பக்கம் கொண்டுபோய் விட்டான். அவள் ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் தடவினாள். பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு வயர் வருகிறது. ஒன்று மாட்டியிருந்தது. மற்றது முனை பிசுபிசுத்துக் கீழே தொங்கியது.

"குருசாமிண்ணா, இந்த வயரு?"

"அது எப்பவும் தொங்கிட்டுத்தானுங்க கெடக்கும். ஆம்ப்ளிஃபயர்ல ஒரு ஓட்டைதானுங்க இருக்குது. பாட்டெல்லாம் இதுலயே வந்துருமுங்க."

மாட்டியிருந்தது எந்தப் பக்கத்து வயர் என்று பாட்டுப் பெட்டி வரைக்கும் தடவிப் பார்த்தாள். இடது.

"ஒரு நிமிஷம் வரேன்" என்று உள்ளே போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, காதுகளைப் பங்கு பிரித்து வைத்திருந்த ஏற்பாட்டை நிறுத்தினாள். மிஷினின் வாயையும் அடைத்தாள். ஃபைலை ஓடவிட்டு, வலது காதின் மூடியைத் தள்ளிவிட்டு இடது காதால் மட்டும் கேட்டாள். மேளம். மேளம் தணிந்தது. அமைதி. மறுபடி மேளம்.

முந்தின நாள் காலையில் இரண்டு மைக்குக்கு வைத்த அமைப்பை அவள் மாற்றவில்லை. மிச்சமிருந்த மைக், சவுண்ட் கார்டில் வலப்பக்கத்துக்கான இரண்டாவது ஓட்டையில் இருந்தது. குரல் மொத்தமும் வலப்பக்கத்திலேயே பதிந்திருக்கிறது. மேளம் மட்டும் இரண்டு பக்கமும். போன், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கொடுக்கும். அதனால் அதில் தெரியவில்லை. குரல் இடப்பக்கம் போயிருந்தால் அவள் வலது காதுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, அந்த நொடியே பிடித்திருப்பாள். வேறு எவராக இருந்தாலும் ஹெட்போனைப் போட்டதுமே ஒரு காது காலியாக இருக்கிறதே என்று சொல்லியிருப்பார்கள். அவளுடைய இடது காது காலியாக இல்லை. அதில் மிஷின் பேசிக்கொண்டிருந்தது.

வெளியே சுவக்கீனின் குரல் கேட்டது. "பொறவு என்ன, ஒத்த வயரு மாட்டி வெச்சிருக்கற. ஃபைல் சரியாத்தான் இருக்குது, என் போன்ல கேட்டேன். நாளைக்கு நீ வர வேண்டாம். வேற ஜீப் பாத்துக்கறேன்."

தேர்தல் காலத்தில் கடைசி நாள் ஓட்டம் போனால் குருசாமிக்கு எவ்வளவு நஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஒற்றை வயர் மாட்டியதும் பொய்யில்லை. ஐந்து நிமிடத்தில் குரலை நடுவுக்குக் கொண்டுவந்து, 'எதற்கும் இதைப் போடுங்கள்' என்று கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொன்னால்? சுவக்கீன் என்ன சொல்வார் என்று அவளுக்கு இப்போதே கேட்டது. பரவால்ல அம்மிணி. அந்தக் குரலில் இருக்கிற மெத்தென்ற தன்மையும் கேட்டது. அதற்குப் பிறகு கோயம்புத்தூர். இத்தனை வருடம் காதால் சம்பாதித்த பெயரை இரண்டு சொல்லில் கண்ணுக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

குருசாமி ஜீப்பின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"சுவக்கீன்ணா, அவரத் திட்டாதீங்க. தப்பு என்னோடது."

எப்படி நடந்தது என்று சொன்னாள். மைக், பழைய ஃபைல், ஒரு காது, எல்லாம். கடையில் கயிறு அளந்துகொண்டிருந்த ஜப்பார் ராவுத்தர் அப்படியே நிறுத்திவிட்டார்.

சுவக்கீன் தொண்டையைக் கனைத்தார். "செரி, பரவால்ல அம்மிணி…"

"என்ன பரவால்ல?" என்று முருகேஸ்வரி எகிறினார். "ஏம்புள்ள, தொண்ட கட்டிப்போவற அளவுக்கு அஞ்சு வாட்டி பேச வெச்சே. 'அக்கா, இன்னொருக்கா', 'அக்கா, அந்த வரி மட்டும்'. அத்தனையும் பேசி, என்னைய ஊமையாக்கி ஊரச் சுத்த உட்டுருக்கறயா? அனுப்பறதுக்கு முந்தி ரெண்டு காதுலயும் கேக்கறதுக்கு என்ன கேடு? டீக்கடைல என்னைய என்னன்னு பேசறானுவ தெரியுமா உனக்கு?"

"அக்கா, விடுங்கக்கா. பாவம், கண்ணு தெரியாத…" என்றார் சுவக்கீன்.

"கண்ணுக்கும் இதுக்கும் என்னய்யா? அந்தப் புள்ள காதுல வேல செய்யறவ. காதுல கோட்ட உட்டா கேக்க மாட்டனா? என்னோட மாட்டுக்குப் புல்லு போடாம உட்டுட்டு நானு எனக்கு முழங்கால் வலின்னு சொன்னா பாலு கறக்குமா?"

நௌஃபல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபஸீலா அவன் கையை அழுத்தினாள். முருகேஸ்வரி மேலும் ஐந்து நிமிடம் திட்டினார். மூச்சு வாங்க நிறுத்தியபோது ஃபஸீலா சொன்னாள்:

"பத்து நிமிஷம் குடுங்கக்கா. சரி பண்ணிர்றேன்."

"பத்து நிமிஷம் போதாது. இன்னொரு வரி சேக்கோணும். மைக்கப் போடு."

உள்ளே வந்து, இந்த முறை மைக்கை எந்த ஓட்டையில் மாட்டுகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, முருகேஸ்வரி பேசினார்: "காலம்பற வெறும் மேளம் வந்துதுன்னு சிரிச்சீங்களாமா. ஆமாங்க, மேளம் முன்னால வந்துது, ஆளு இப்பத்தான் வர்றேன்." ஃபஸீலா அதை முதல் வரியாக வைத்து, பழைய குரலை நடுவுக்குக் கொண்டுவந்து, இடது காதால் ஒரு தடவை, வலது காதால் ஒரு தடவை, மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு காதாலும் ஒரு தடவை கேட்டாள். பிறகு குருசாமியின் ஜீப்பிலேயே போட்டு, கடைவீதியே திரும்பிப் பார்க்கும்படி ஓடவிட்டுக் கேட்டாள். ஜீப் கிளம்பும்போது மணி ஒன்றரை.

"நானுந்தானுங்க ஒரு பேச்சும் வரலியேன்னு எறங்கிக் கேட்டிருக்கோணும்" என்று போகும்போது குருசாமி சொன்னார்.

எல்லோரும் போன பிறகு சுவக்கீன் மட்டும் நின்றார். பிறகு, யாரோ கற்றுக்கொடுத்ததைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி, "இனிமே இப்படி நடந்துதுன்னா பாத்துக்க, ஆமா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லலாம்ணா" என்றாள்.

முருகேஸ்வரி பதினேழு வோட்டில் தோற்றார். அந்த மூன்று மணி நேரம் ஜீப் எந்தெந்தத் தெருவில் சுற்றியது என்று ஃபஸீலா குருசாமியிடம் கேட்டு வைத்திருந்தாள். அந்தத் தெருக்களில் எத்தனை வீடு என்றும் கேட்டாள். பதினேழு என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. அதனால்தான் என்று முருகேஸ்வரி ஒருநாளும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. தை மாதம் குடும்பஸ்ரீ விற்பனை மேளாவுக்கு அறிவிப்பு பதிவு செய்ய அவர்தான் முதலில் வந்தார். வந்ததும், "எந்த ஓட்டைல மாட்டிருக்கற?" என்று கேட்டார். அவள் தொட்டுக் காட்டினாள்.

ஃபஸீலாவுக்கு இப்போது முப்பது வயது. புதுநகரத்தில் அதே பின்னறையில்தான் வேலை செய்கிறாள். சுவக்கீனின் தமிழ் அறிவிப்புகள் எல்லாம் இப்போதும் அவளிடம்தான் வருகின்றன. மாதம் ஒருமுறையாவது அவரிடம் திட்டு வாங்குகிறாள்.